மிரளும் எலியும் தைராய்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் படிக்க வருகிறவர்களுக்கு விலங்குகளின் நடத்தை பற்றிப் பாடம் எடுக்கிறேன். மாட்ஸ்லி எலிகளைப் பற்றிய வகுப்பு வந்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரும். வகுப்பு முடிந்த பிறகு, வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டால், அந்த வீட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

முதல்ல, மாட்ஸ்லி எலின்னா எந்த எலி? அது ஒரு தனி இனமா?

தனி இனம் அல்ல. நாம் ஆய்வகங்களில் பார்க்கும் அதே வெள்ளை எலிதான். 1954-இல் லண்டனில், மாட்ஸ்லி மருத்துவமனையோடு சேர்ந்த மனநல ஆய்வு நிறுவனத்தில், பி. எல். பிராட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளர் விஸ்டார் என்ற சாதாரண ஆய்வக எலிகளை வைத்து ஒரு வேலையைத் தொடங்கினார். சுலபமாக மிரண்டுபோகும் எலிகளை ஒரு பக்கமும், எளிதில் மிரளாத எலிகளை இன்னொரு பக்கமும் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் தனக்குள்ளேயே இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். அப்படி உருவான இரண்டு கால்வழிகளைத்தான் மாட்ஸ்லி எலிகள் என்கிறோம். இந்தப் பக்கத்தில் ஒன்றை ‘மிரளும் வகை’ என்றும் மற்றதை ‘மிரளா வகை’ என்றும் சொல்கிறேன்.

அந்த நிறுவனத்தில் அப்போது உளவியல் துறையை நடத்தியவர் ஹான்ஸ் ஐசங்க். மனிதர்களில் சிலர் இயல்பாகவே பதற்றக்காரர்களாக இருப்பதில் பிறவிப் பங்கு உண்டு என்று நம்பியவர் அவர். அதை மனிதரிடம் சோதிப்பது கடினம். எலியிடம் சோதிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இந்த வேலைக்கு அங்கே இடம் கிடைத்தது.

எலி பயப்படுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அது வாயைத் திறந்து சொல்லவா போகுது?

புழுக்கையை எண்ணித்தான். சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் தமிழில் பேசுகிற நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. பயம் வந்தால் ‘வயிற்றைக் கலக்குது’ என்கிறோம், ‘வயிற்றில் புளியைக் கரைச்ச மாதிரி இருந்தது’ என்கிறோம். எலிக்கும் அப்படித்தான். பழக்கமில்லாத, வெளிச்சமான, ஒளிந்துகொள்ள மூலை இல்லாத இடத்தில் விட்டால் அது புழுக்கை போடும், சிறுநீர் கழிக்கும், நடக்காமல் உறைந்து நிற்கும்.

இதை ஒரு அளவுகோலாக முதலில் ஆக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், 1934-இல். வட்டமான திறந்த திடலில் எலியை விட்டுப் பார்த்தார். பிராட்ஹர்ஸ்ட் அதை இன்னும் கறாராக ஆக்கினார். சுமார் 83 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தொட்டி, மேலே பிரகாசமான விளக்கு, 78 டெசிபெல் அளவுக்கு ஓயாத இரைச்சல். ஒரு நாளைக்கு 2 நிமிடம், தொடர்ந்து 4 நாள். ஒவ்வொரு தடவையும் எத்தனை புழுக்கை, எவ்வளவு தூரம் நடந்தது என்று குறிப்பார்கள். அவ்வளவுதான் சோதனை.

புழுக்கையை எண்ணுறதெல்லாம் ஒரு விஞ்ஞானமா சார்?

எண்ணுவது மட்டும் விஞ்ஞானம் ஆகாது. எண்ணியது எதைக் காட்டுகிறது என்று வேறு வழியில் சரிபார்த்தால் ஆகும். ஹால் சரிபார்த்தார். பசியோடு இருக்கும் எலியைத் திடலில் விட்டு, அங்கே தீனியும் வைத்தார். நாட்கள் போகப்போக எலிகளுக்கு இடம் பழகியது. புழுக்கை குறைந்தது, தீனியைத் தொட ஆரம்பித்தன. புழுக்கை போடும் நாட்களில் பெரும்பாலும் தின்னவில்லை. பசியையும் மீறி ஒரு விலங்கு தின்ன மறுக்கிறது என்றால், உள்ளே ஏதோ தடுக்கிறது. அதைப் பயம் என்று அழைப்பது நியாயம்தான்.

ஆனாலும் இந்த அளவுகோலில் ஒரு பலவீனம் இருக்கிறது, இந்தப் பக்கம் முழுக்க அதைச் சுற்றித்தான் வரப்போகிறது. புழுக்கை மூளையில் உருவாவதில்லை, குடலில் உருவாகிறது. பயத்துக்கும் புழுக்கைக்கும் நடுவே ஒரு முழுக் குடல் கிடக்கிறது.

பொறுக்கி இணைசேர்த்தாங்கன்னா, சரியா என்னதான் செஞ்சாங்க?

நம் ஊரில் கோழிக்கட்டுக்குச் சேவல் வளர்ப்பவரும், ஜல்லிக்கட்டுக் காளைக்கு வித்து தேடுபவரும் செய்வதேதான். ஒரு வித்தியாசம், இங்கே எல்லாம் ஏட்டில் பதிவாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லா எலிகளையும் திடலில் விட்டு எண்ணினார்கள். அதிகம் போட்ட ஆணையும் அதிகம் போட்ட பெண்ணையும் சேர்த்தார்கள். குறைவாகப் போட்டவற்றைத் தங்களுக்குள் சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே இரண்டும் பிரிந்துவிட்டன. மிரளா வகையில் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வந்தது.

‘மிரளும் தாய் வளர்த்ததால்தானே குட்டியும் மிரளுது?’ என்று கேட்பீர்கள். பிராட்ஹர்ஸ்டுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. குட்டிகளைப் பிறந்தவுடன் மாற்றி வைத்தார், மிரளும் தாயின் குட்டி மிரளா வகைத் தாயிடம், அவளுடையது இவளிடம். வளர்ப்புத் தாய் மாறியதால் பெரிய மாற்றம் வரவில்லை. பிறவியில் வந்ததே மேலோங்கி நின்றது.

எல்லாம் சரி, இதுக்கு நடுவுல தைராய்டு எங்கிருந்து வந்தது?

பயமும் தைராய்டும் மருத்துவ வரலாற்றில் ரொம்பப் பழைய ஜோடி. இங்கிலாந்தின் பாத் நகரில் கேலப் பாரி என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணைப் பார்த்தார். சக்கர நாற்காலியில் போகும்போது அது கட்டுப்பாடில்லாமல் மேட்டிலிருந்து ஓடிக் கீழே தூக்கி எறிந்திருக்கிறது. அடி பெரிதில்லை, பயம்தான் பெரிது. அதற்குப் பிறகு படபடப்பு வந்தது, கழுத்தில் தைராய்டு வீங்கியது. பாரி இறந்த பிறகு, 1825-இல் அவருடைய குறிப்புகள் அச்சாயின. 1835-இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் இதே நோயை விவரித்தார். இன்று அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது.

ஆக, சுலபமாக மிரளும் உடலில் எந்தச் சுரப்பி வேறுமாதிரி வேலை செய்கிறது என்று தேட ஆரம்பித்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினலுக்கு அடுத்து யாருக்கும் தைராய்டுதான் ஞாபகம் வரும். மாட்ஸ்லி எலிகளுக்கு முன்பே, ஹால் வளர்த்த மிரளும் எலிகளிலும் மிரளாத எலிகளிலும் அட்ரினல், தைராய்டு, பிட்யூட்டரி (மூளையின் அடியிலிருந்து மற்ற சுரப்பிகளை ஏவும் சுரப்பி) மூன்றையும் எடுத்து எடை போட்டு 1941-இல் ஓர் ஆய்வு வெளியானது.

மாட்ஸ்லி எலிகள்ல தைராய்டு பத்தி என்ன செஞ்சு பார்த்தாங்க?

ஃபூயரும் பிராட்ஹர்ஸ்டும் 1962-இல் மூன்று பகுதியாக ஒரு தொடர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் பகுதி ஹார்மோன்களைப் பற்றியது. இரண்டாவது, சுரப்பி எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. மூன்றாவது, தைராய்டைப் பாதிக்கும் மருந்துகளைக் கொடுத்தால் உடலிலும் நடத்தையிலும் என்ன மாறுகிறது என்பது. இரண்டு வகைகளின் தைராய்டும் ஒரே மாதிரி இல்லை என்பது அதில் வெளிவந்தது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. இன்று ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) பார்ப்பது ஒரு காலைவேளை வேலை. 1962-இல் அது கிடையாது. தைராய்டின் இரண்டாவது ஹார்மோனான டி3-யே 1952-இல்தான் லண்டனில் கிராஸ், பிட்-ரிவர்ஸ் இருவரால் கண்டறியப்பட்டிருந்தது. மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு உத்தரவு போடும் டி.ஆர்.எச்-இன் அமைப்பு 1969-இல்தான் தெரிந்தது. ஆகவே அந்தக் காலத்து ஆய்வாளர்கள் கதிரியக்க அயோடினைக் கொடுத்து சுரப்பி எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது, ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளப்பது, சுரப்பியை எடை போடுவது மாதிரியான சுற்றுவழிகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

சுரப்பி பெரிசா இருந்தா நிறைய சுரக்குதுன்னுதானே அர்த்தம்?

இல்லை, பல நேரம் நேர் எதிர். முன்கழுத்துக் கழலையை நினைத்துக்கொள்ளுங்கள். அயோடின் இல்லாத மலைப்பகுதிகளில் கழுத்து வீங்கியவர்களுக்கு ஹார்மோன் அதிகமாகி வீங்கவில்லை. ஹார்மோன் போதாததால், பிட்யூட்டரி ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று டி.எஸ்.எச்-ஐ அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த விரட்டலில் சுரப்பி பெருக்கிறது. எலிக்கு ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் புரோப்பில்தையோயுராசில் கொடுத்தாலும் இதேதான் நடக்கும்: ஹார்மோன் விழும், சுரப்பி வீங்கும். கிரேவ்ஸ் நோயிலோ சுரப்பியும் பெரிது, ஹார்மோனும் அதிகம்.

அதனால் எடை மட்டும் சொல்லும் ஆய்வைப் படிக்கும்போது ஒரு முடிவுக்கும் வராதீர்கள். எடையோடு ஹார்மோன் அளவும், முடிந்தால் டி.எஸ்.எச்-உம் சேர்ந்து இருந்தால்தான் கதை முழுதாகும்.

தைராய்டு கூடினாத்தானே படபடப்பு வரும்? அப்ப மிரளும் எலிக்குத் தைராய்டு ஜாஸ்தியா இருக்கணுமே?

வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் ஊகிப்பார்கள். ஊகம் தவறில்லை, ஆனால் இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறது.

ஒன்று, தைராய்டு கூடினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும். இவை பயத்தின் உடல் அடையாளங்கள், பயமே அல்ல. புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தால் நடுக்கமும் நெஞ்சடிப்பும் சட்டென்று தணியும், ரத்தத்தில் ஹார்மோன் அப்படியே இருக்கும்போதே. இன்னொன்று, எலியில் அவஸ்தையான அனுபவங்கள் தைராய்டைப் பெரும்பாலும் தூண்டுவதில்லை, அடக்குகின்றன. எலியைக் கட்டிப்போட்டாலோ துன்புறுத்தினாலோ டி.எஸ்.எச். இறங்கும், அட்ரினலின் அவஸ்தை ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் ஏறும். கார்ட்டிகோஸ்டீரோன் வகை ஹார்மோன்களே டி.எஸ்.எச்-ஐ அமுக்கக்கூடியவை. குளிர் மட்டும் விதிவிலக்கு, குளிரில் வைத்தால் டி.எஸ்.எச். சீக்கிரமே உயரும், உடலுக்குச் சூடு வேண்டும் என்பதால்.

அதனால் ‘மிரளும் எலிக்கு இப்படித்தான் இருக்கணும்’ என்று முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. பிறவியிலேயே சுறுசுறுப்பான தைராய்டு ஒருபக்கம் இழுக்கலாம், வாழ்நாள் முழுக்க அடிக்கடி மிரளுவது மறுபக்கம் இழுக்கலாம். நாம் அளப்பது இரண்டும் இழுத்தபின் நிற்கும் இடத்தை.

தைராய்டு குடலையும் வேகப்படுத்துமே? அப்ப அவங்க பொறுக்கினது பயத்தையா, குடலையா?

நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி இது. கேட்கிறவரை அன்றைக்குப் பாராட்டாமல் அனுப்புவதில்லை. தைராய்டு மிகுந்தவருக்கு அடிக்கடி மலம் போகும், குறைந்தவருக்கு மலச்சிக்கல். தைராய்டு மாத்திரை சாப்பிடும் வீட்டில் இது தெரியாதவர் இருக்க மாட்டார். அப்படியானால், திடலில் அதிகம் புழுக்கை போடும் எலிகளை 15 தலைமுறை பொறுக்கினால், பயந்த மூளையைப் பொறுக்கியிருக்கலாம், அவசரக்காரக் குடலைப் பொறுக்கியிருக்கலாம், இரண்டையும் சேர்த்தே பொறுக்கியிருக்கலாம். அந்த எலிகளில் தைராய்டு வேறுபட்டால், ‘தைராய்டு பயத்தோடு சேர்ந்தது’ என்று சொல்வதற்கு முன்னால் ‘தைராய்டு புழுக்கையோடு சேர்ந்தது’ என்றுதான் சொல்ல முடியும்.

இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கூண்டில் நிம்மதியாக இருக்கும்போது ஒரு நாள் முழுக்க எவ்வளவு புழுக்கை போடுகிறது என்று பாருங்கள். அங்கேயும் அதே வித்தியாசம் இருந்தால் குடல் சமாச்சாரம். திடலில் மட்டும் வித்தியாசம் என்றால் பயத்துக்குப் பங்குண்டு. அடுத்து, குடலே சம்பந்தப்படாத பயச் சோதனைகளை வையுங்கள்: உறைந்து நிற்பது, திடீர் சத்தத்துக்குத் துள்ளுவது, இருட்டறையிலிருந்து வெளிச்சத்துக்கு வரத் தயங்குவது. மாட்ஸ்லி எலிகளில் இவற்றில் சில எதிர்பார்த்தபடி வந்தன, சில வரவில்லை. 1973-இல் ஜான் ஆர்ச்சர், எலி, சுண்டெலி ‘உணர்ச்சி’ச் சோதனைகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, அவை எல்லாம் ஒரே பொருளை அளக்கின்றன என்பதையே சந்தேகித்தார்.

பின்னாளில் டேவிட் பிளிஸார்டும் கூட்டாளிகளும் கவனத்தை மூளையிலிருந்து கீழே இறக்கினார்கள். பெருங்குடலுக்குப் போகும் பரிவு நரம்புகளிலேயே (நம் விருப்பமில்லாமல் தானாக இயங்கும் நரம்புகளில் ஒரு வகை) இரண்டு வகைக்கும் வேறுபாடு இருப்பதைக் காட்டினார்கள். எனக்கு இது பிராட்ஹர்ஸ்டின் தோல்வியாகத் தெரியவில்லை. அவர் 1954-இல் போட்ட முடிச்சு அவ்வளவு கெட்டியாக இருந்ததால்தான் 50 வருடம் கழித்தும் யாரோ உட்கார்ந்து அவிழ்க்க முடிந்தது.

பயத்தால தைராய்டு மாறுச்சா, தைராய்டால பயம் வந்துச்சா? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் சொன்னால் பொய் சொன்னதாகும். தைராய்டு மூளையையோ குடலையோ மாற்றி எலியை மிரளவைத்திருக்கலாம். மிரட்சி அட்ரினல் வழியாகத் தைராய்டை மாற்றியிருக்கலாம், இரண்டு கேள்விக்கு முன்னால் சொன்னபடி. ஒரே மரபணு இரண்டு இடத்திலும் கைவைத்திருக்கலாம். நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதைத்தான் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்: இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தற்செயலாக ஒரே வீட்டில் குடியேறிவிட்டன.

தற்செயலா? இத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்ததுல எப்படித் தற்செயல் வரும்?

பொறுக்கியது புழுக்கையை. மற்ற ஆயிரம் குணங்களை யாரும் பொறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கூட்டத்துக்குள்ளேயே, அதுவும் அண்ணன் தங்கை முறையில் இணைசேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொரு மரபணுவின் ஏதோ ஒரு வடிவம் அந்தக் கூட்டத்தில் நிலைத்துவிடும், மற்றது மறைந்துவிடும். எது நிலைக்கும் என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. 20 தலைமுறை அப்படிப் போனால் கூட்டத்தில் எல்லா எலியும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒரு கூட்டத்தில் சுறுசுறுப்பான தைராய்டின் மரபணுவும் இன்னொன்றில் மந்தமானதும் நிலைத்தால், பார்ப்பவருக்கு அது பயத்தோடு சேர்ந்து வந்த மாதிரியே தோன்றும். நூறு எலிகளை அளந்தாலும் உண்மையில் நீங்கள் ஒப்பிடுவது இரண்டே இரண்டு கால்வழிகளை.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, ஒரே பொறுக்கலை ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்களில் தனித்தனியாகச் செய்வது. கொலராடோவில் ஜான் டிஃப்ரீஸ் சுண்டெலிகளை அப்படி வளர்த்தார்: திடலில் அதிகம் ஓடும் கூட்டம் இரண்டு, குறைவாக ஓடும் கூட்டம் இரண்டு, பொறுக்கப்படாத கூட்டம் இரண்டு, 30 தலைமுறை. இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரி வந்த வேறுபாட்டைத்தான் நம்பலாம். இரண்டாவது மருந்து, மிரளும் வகையையும் மிரளா வகையையும் கலந்து, அவற்றின் குட்டிகளையும் தங்களுக்குள் கலப்பது. பேரக்குட்டிகளில் மரபணுக்கள் கலைந்துபோகும். அப்போதும் மிரளும் குட்டிக்கே தைராய்டும் வேறாக இருந்தால் அவற்றுக்குள் உறவு உண்டு. பிரிந்துபோனால், அது வெறும் அண்டைவீட்டு உறவுதான். டிஃப்ரீஸின் வேலையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. உடலை வெள்ளையாக்கும் மரபணுவே சுண்டெலியைப் பிரகாசமான திடலில் மந்தமாக்குகிறது. நிறமியில்லாத கண்ணுக்கு அந்த வெளிச்சம் கூசுகிறது. உணர்ச்சி என்று நினைத்ததில் ஒரு பங்கு கண்கூச்சமாக இருந்தது.

மருந்து கொடுத்துத் தைராய்டை ஏத்தி இறக்கிப் பார்த்தா விடை வந்துடுமே?

1962-இன் மூன்றாவது பகுதி அந்த வழிதான், நல்ல வழியும்கூட. ஆனால் எந்த வயதில் கொடுக்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் இன்றைக்கு ஓடும் எஞ்சினின் வேகத்தை மாற்றுகிறீர்கள். குட்டிக்குக் கொடுத்தால் எஞ்சினையே வேறாகக் கட்டுகிறீர்கள். எலிக்குட்டி பிறக்கும்போது அதன் மூளை, மனிதக் கரு வயிற்றில் இருக்கும் நிலையில்தான் இருக்கும். முதல் மூன்று வாரத்தில் தைராய்டு ஹார்மோன் இல்லாவிட்டால் மூளை வளர்ச்சியில் நிரந்தரக் குறை விழும், வளர்ந்த பிறகு எவ்வளவு ஹார்மோன் கொடுத்தாலும் அது சரியாகாது. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தாலும் வளர்ச்சி தடம் மாறும். சாதாரணமாக இரண்டு வாரத்தில் திறக்கும் கண் முன்கூட்டியே திறந்துவிடும்.

ஆகவே வளர்ந்த மிரளும் எலிக்குத் தைராய்டு மருந்து கொடுத்து அதன் மிரட்சி மாறவில்லை என்றால், ‘தைராய்டுக்குச் சம்பந்தமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். சம்பந்தம் அதன் பிள்ளைப்பருவத்தில் இருந்திருக்கலாம். மாறியது என்றாலும் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். மருந்து பசியையும் எடையையும் உடற்சூட்டையும் குடலையும் சேர்த்தே மாற்றியிருக்கும்.

ரத்தம் எடுக்கும்போதே எலி பயந்துடாதா? அப்புறம் எதை அளக்கறீங்க?

பயந்துவிடும். கையில் பிடித்த சில நிமிடங்களிலேயே கார்ட்டிகோஸ்டீரோன் ஏற ஆரம்பித்துவிடும். மிரளும் வகைக்கும் மிரளா வகைக்கும் ஒப்பீடு என்றால் இது இன்னும் மோசம், ஏனென்றால் அளக்கும் செயலே ஒரு கூட்டத்தை அதிகம் பாதிக்கும். அதனால் எலிகளைப் பல நாள் கையில் எடுத்துப் பழக்குவார்கள், எடுத்த உடனே வேகமாக முடிப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வார்கள். பழக்கும்போது வயதையும் பார்க்க வேண்டும். 1950-களில் சீமோர் லெவைன் காட்டியதுபோல், பால்குடி பருவத்தில் தினமும் சில நிமிடம் கையில் எடுத்த குட்டிகள் பெரிதாகும்போது அவ்வளவு மிரளுவதில்லை.

ஆண் எலி, பெண் எலி வித்தியாசம் உண்டா?

உண்டு. திடலில் பெண் எலிகள் பொதுவாகக் குறைவாகப் புழுக்கை போடும், அதிகம் நடக்கும். ஆண் பெண் இரண்டையும் கலந்து ஒரே சராசரி போட்ட அட்டவணையைப் பார்த்தால் உஷாராகுங்கள்.

எலியோட தைராய்டும் மனுஷனோட தைராய்டும் ஒண்ணுதானா?

ஹார்மோன் அதே ஹார்மோன். 1914 கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் படிகமாகப் பிரித்தெடுத்த தைராக்ஸின்தான் எலியின் ரத்தத்திலும் ஓடுகிறது. ஓடும் வேகம்தான் வேறு. நம் ரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும். எலியில் ஒரு நாள்கூட ஆகாது. நமக்கு அந்த ஹார்மோனை இறுகப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் உண்டு, வளர்ந்த எலியில் அது சொல்லும்படி இல்லை. அதனால் எலியின் சுரப்பி நம்முடையதைவிட ஓயாமல் உழைக்கிறது, சின்னத் தொந்தரவுக்கும் சீக்கிரம் ஆட்டம் காண்கிறது. எலியில் சில நாளில் தெரிகிற மாற்றம் மனிதரில் அதே மாதிரி தெரியும் என்று எண்ணக் கூடாது.

மாட்ஸ்லி மட்டும்தானா, இல்ல வேற யாரும் இப்படி எலி வளர்த்தாங்களா?

வளர்த்தார்கள். ரோமில் பின்யாமி 1960-களில் இரண்டு வகையைப் பிரித்தார். இரட்டை அறைப் பெட்டியில், விளக்கோ சத்தமோ எச்சரித்ததும் அடுத்த அறைக்கு ஓடி மின்னதிர்ச்சியைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ளும் எலிகள் ஒன்று, கற்காமல் உறைந்து நிற்கும் எலிகள் மற்றது. உறைந்து நிற்கும் ரோமன் எலிகளுக்குப் புது இடத்தில் கார்ட்டிகோஸ்டீரோனும், பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டினும் அதிகம் ஏறும். மியூனிக்கில் லாண்ட்கிராஃப் குழு 1990-களில் கூட்டல் குறி வடிவ உயர மேடையை வைத்துப் பொறுக்கியது. மேடையின் சுவரில்லாத கிளைகளில் நடக்கத் தயங்கும் எலிகள் பதற்ற வகை. அந்த எலிகளில் மூளையில் சுரக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனின் மரபணுவருகே ஒரு மாற்றத்தையே கண்டுபிடித்தார்கள்.

மூன்று இடத்திலும் அளவுகோல் வேறு. லண்டனில் புழுக்கை, ரோமில் கற்றல், மியூனிக்கில் நடை. மூன்றிலும் ஒரே ஹார்மோன் ஒரே திசையில் மாறினால் அதைப் பயத்தின் ஹார்மோன் என்று சொல்லத் துணியலாம். ஓர் இடத்தில் மட்டும் மாறினால், அது அந்த அளவுகோலின் ஹார்மோன்.

எனக்குத் தைராய்டு இருக்கு. எதுக்கெடுத்தாலும் பயம் வருது. இந்த எலி மாதிரிதானா நானும்?

உங்களை எலியோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் சந்தேகம் நியாயமானது, அதை ரத்தப் பரிசோதனையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். டி.எஸ்.எச். ரொம்பக் குறைந்து டி4 (அதாவது தைராக்ஸின்) கூடியிருந்தால், படபடப்பும் நடுக்கமும் பதற்றமும் தைராய்டால் வரலாம், சிகிச்சையில் குறையும். டி.எஸ்.எச். ஏறி டி4 குறைந்திருந்தால் பெரும்பாலும் அசதி, மந்தம், மனச்சோர்வு. தைராக்ஸின் மாத்திரை அளவு கொஞ்சம் கூடிப்போனாலும் படபடக்கும். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். அளவை மாற்றினால் 6 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். நிலைக்கும், அதற்கு முன் பார்த்த எண்ணை நம்பி அலைய வேண்டாம்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் பயம் தொடர்ந்தால், ‘எல்லாம் தைராய்டுதான்’ என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் அவதிப்படாதீர்கள். பதற்றத்துக்கென்றே தனி சிகிச்சை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் பதற்றமும் ஒரே ஆளிடம் இருப்பதாலேயே ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகாது. மேலே எலிகளுக்குச் சொன்னதுதான் இங்கேயும்.

பரீட்சையில ‘மாட்ஸ்லி எலிகளில் தைராய்டு’ன்னு கேட்டா என்ன எழுதணும்?

எந்தக் கால்வழி, எந்தத் தலைமுறை, ஆணா பெண்ணா, எத்தனை நாள் வயது, எந்த முறையில் அளந்தார்கள் என்று முதலில் எழுதுங்கள். எடையையும் ஹார்மோனையும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு அந்த வேறுபாடு குடல் வழியாக வந்திருக்க முடியுமா, தற்செயலாக வந்திருக்க முடியுமா என்று இரண்டு பத்தி எழுதுங்கள். அந்த இரண்டு பத்திக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.